அடிக்கு முன்னால் வந்த சத்தம்

எஃப்.எம். எத்தனை கிலோபிட்டுக்குச் சமம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். போன வாரம் ஷைனி கேட்டாள். நான் ஓய்வு பெற்ற வானொலி நிலையத்தில் இப்போது பொறியாளராக இருக்கும் பெண். நல்ல பெண்தான், அவள் மேல் குற்றமில்லை. பழைய நிகழ்ச்சிகளை இணையத்தில் போடப் போகிறார்களாம். எந்தத் தரத்தில் போடுவது என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள்.

"சாரே, ஒரு நம்பர் பறஞ்சா மதி. எஃப்.எம். குவாலிட்டின்னா தொண்ணூத்தாறா, நூத்தி இருபத்தெட்டா?"

ஒரு நம்பர் சொன்னால் போதுமாம். "நாளைக்குச் சொல்லுதேன்" என்று போனை வைத்தேன். நாளை போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. அன்று முதல் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்து நடந்து, "உங்களுக்குக் காலிலே சக்கரமா கெட்டியிருக்கு? ஒண்ணு இரிங்க, இல்லேன்னா கடைக்காவது போயிட்டு வாங்க" என்று வீட்டுக்காரி சத்தம் போட்ட பிறகுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஒலியைச் சேமிக்கும்போது விநாடிக்கு எவ்வளவு தகவலைச் செலவழிக்கிறோம் என்பதைத்தான் கிலோபிட் என்று அளக்கிறோம். சி.டி.யில் அது ஆயிரத்து நானூறுக்கு மேல். எம்பி3 ஆக்கினால் நூற்று இருபத்தெட்டுக்குள் அடக்கிவிடலாம். மீதியெல்லாம் எங்கே போனது? காதுக்குத் தெரியாது என்று கணினி முடிவு செய்ததைத் தூக்கி எறிந்துவிடும். யாருடைய காதுக்கு என்பதுதான் என் சங்கடம்.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாகர்கோவிலில் பாலிடெக்னிக், டெல்லியில் சில மாதப் பயிற்சி, வடக்கே இரண்டு ஊர்களில் இந்தி தெரியாமல் குப்பை கொட்டியது, பிறகு கெஞ்சிக் கூத்தாடித் திருவனந்தபுரத்துக்கு மாற்றல். தொண்ணூறுகளில் எங்கள் நிலையத்தில் எஃப்.எம். வந்தது. அதுவரை மீடியம் வேவின் கரகரப்பிலேயே வாழ்ந்தவன் நான். முதல் நாள் 'ஸ', 'ஷ' எல்லாம் தனித்தனியாகக் கேட்டபோது பைத்தியம் பிடித்தவன் மாதிரி கையில் சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு பழவங்காடியில் பிள்ளையார் கோவில் முன்னால் வளைய வந்தேன். பஸ் ஒன்று மறைத்தால் சத்தம் நொறுங்கும், இரண்டடி தள்ளி நின்றால் கண்ணாடி மாதிரி வரும். தேங்காய் உடைக்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் எங்கள் ஒலிபரப்பு எதுவரை எட்டுகிறது என்று ஜீப்பில் அளவெடுக்கப் பொன்முடி மலைப் பாதையில் அனுப்பினார்கள். அடிவாரத்தில் கல்லாறில் ஒரு டீக்கடை. கடைக்காரர் எங்கள் நிலையத்தைத்தான் வைத்திருந்தார், ஸ்ஸ்ஸென்று ஒரே இரைச்சல். "மழையோ?" என்று கேட்டேன். "மழையல்ல சாரே, நிங்ஙள்டே ரேடியோவாணு" என்றார். மழையில்லை, உங்கள் ரேடியோதான் என்று. மலை மறைக்கிறது, என்ன செய்ய? பழவங்காடியில் சி.டி. தரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற எஃப்.எம். கல்லாறில் பத்துப் பைசாவுக்குப் பெறாது. இதற்கு எந்த நம்பரைச் சொல்ல? இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரிந்திருந்தும் ஒரு நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். நிலையத்துக்குக் கணினிகள் வந்தன. நூலக அறையில் இரும்பு அலமாரி அலமாரியாக ஒலிநாடாக்கள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும், ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் இடம் குறைவு. நூற்று இருபத்தெட்டில் ஏற்றினால் மொத்தமும் அடங்கும், அதற்கு மேல் போனால் பாதிதான் அடங்கும். எங்கள் தலைமைப் பொறியாளர் சுலோசனா மேடம் என்னைக் கூப்பிட்டார்.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். நாம் எதையாவது கொண்டுபோனால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார், மாட்டுவார், கடைசி வரி வரை படிப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி. "தீர்ச்சயாணோ?" உறுதிதானா என்பதற்கு மலையாளம். ஆமாம் என்றால் பச்சை மையில் கையெழுத்து விழும், அதற்கப்புறம் அந்த விஷயத்தில் நம்மைக் குடைய மாட்டார். நான் பார்த்த அதிகாரிகளில் கத்துகிறவர்கள் உண்டு, ஃபைலை விசிறி அடிக்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் ஒரு நாளும் நான் பயந்ததில்லை. பயந்ததெல்லாம் இந்த அம்மாவின் ஒற்றைக் கேள்விக்குத்தான்.

"தாணு, எஃப்.எம்.முக்கு நூத்தி இருபத்தெட்டு போதுமோன்னு டெஸ்ட் செய்து ஒரு ரிப்போர்ட் தரணும். வெள்ளியாழ்ச்ச வரை சமயம் உண்டு" என்றார்.

நான் அதை வெகு சிரத்தையாகச் செய்தேன், அதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு. உபரியாக இருந்த சிறு எஃப்.எம். ஒலிபரப்புக் கருவி ஒன்றை மேசைமேல் வைத்து, சத்தம் வானத்துக்குப் போகாமல் அறைக்குள்ளேயே முடியும்படி இணைத்து, பக்கத்தில் ஒரு நல்ல ரிசீவரை வைத்தேன். ஒலிநாடாவும் சரி, கணினிக் கோப்பும் சரி, அந்த எஃப்.எம். வழியாகத்தான் காதுக்கு வரும். வீட்டில் கேட்கிறவனுக்கு அப்படித்தானே கேட்கும்? நாடா உரசி ஓடும் மெஷின் ஹெட்டுகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன். இரண்டின் சத்தமும் மீட்டர் முள்ளின் அகலம்கூட வித்தியாசமில்லாமல் சமமாக்கினேன். ஏனென்றால் எது கொஞ்சம் உரக்கக் கேட்கிறதோ அதுதான் நல்லது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எது முதலில், எது இரண்டாவது என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானித்தேன். கேட்கிறவர் கையில் ஒரு தாள். ஒரே துண்டை மாற்றி மாற்றி ஆறு தடவை போடுவேன், ஒவ்வொரு தடவையும் அசல் நாடா எது என்று குறிக்க வேண்டும். ஊகித்தால் ஆறுக்கு மூன்று வரும். நிஜமாகவே தெரிந்தால் ஆறும் வரும்.

ஐந்து துண்டுகள் எடுத்தேன். செய்தி, வீணை, நாதஸ்வரம், மெல்லிசை, ஐந்தாவதாக ஒரு பஜனை. பஜனையை வேண்டுமென்றேதான் எடுத்தேன், அதில் ஜால்ரா இருந்தது. ஜால்ராவின் கூர்மையான அடியைச் சமாளிக்க எந்த எந்திரமும் கொஞ்சம் திணறும்.

அந்தப் பஜனை ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக் கோஷ்டியுடையது. பாடியவர் பத்மநாபன் என்ற பெரியவர். ஜால்ரா போட்டவர் அவருடைய தம்பி அனந்து, எங்கள் நிலையத்திலேயே தபால் பிரிவில் வேலை பார்த்தவர். காலையில் கடிதங்களுக்கு முத்திரை குத்துவதும் தாளத்தோடுதான் குத்துவார். பத்மநாபன் அப்போது தவறிப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அனந்து ஜால்ராவைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

எட்டுப் பேர் கேட்க வேண்டும் என்று திட்டம். ஏழு பேர் வந்தார்கள்: அறிவிப்பாளர்கள், ஒரு வயலின்காரர், நூலகத்து அம்மா, ஜீப் ஓட்டுநர் இப்படி. எட்டாவது ஆள் விடுப்பு. அந்த நேரம் பார்த்து அனந்து தபாலோடு உள்ளே வந்தார். பிடித்து உட்கார வைத்துவிட்டேன். கடைசித் துண்டு அவருடைய அண்ணா பாடியது என்பது எனக்கு அந்த அவசரத்தில் நினைவிலேயே இல்லை, கடவுள் சத்தியமாக.

ரிசீவரிலிருந்து பத்மநாபனின் குரல் வந்ததும் அனந்துவின் முகம் மாறியது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பென்சிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆறு தடவையும் கேட்டுக் குறித்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"இந்த டேப் பத்திரமா இருக்குமோன்னோ, தாணு? அண்ணாவும் நானும் சேந்து பதிவானது இது ஒண்ணுதான்."

"எங்க ஓய் போவப் போவுது? இருக்கும்" என்றேன்.

"ஒரு மாதிரி கேக்கறதே, அது என்ன? சில தடவை நான் அடிக்கறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துடறது. ஸ்ஸுன்னு ஒண்ணு. அப்புறம்தான் அடி."

"அடிக்கதுக்கு முன்னாடி சத்தம் எப்படி ஓய் வரும்? நீரு அடிச்சாத்தானே வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு அறிவிப்பாளர், "ஆபீஸ்லே ஜால்ரா போடுகதுக்கு ஆளு குறைச்சலில்லே. ஆனா முன்கூட்டியே போடுகது அனந்து சாமி மாத்திரம்தான்" என்றார். அனந்துவும் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்புத்தான் அதில் மோசம்.

தாள்களைச் சரிபார்த்தேன். ஏழு பேருக்கும் எல்லாத் துண்டுகளிலும் இரண்டு, மூன்று, நான்கு. ஊகம். அனந்துவுக்கும் செய்தியில் மூன்று, வீணையில் இரண்டு. பஜனையில் மட்டும் ஆறுக்கு ஆறு.

எனக்குக் கணக்குத் தெரியும். ஆறுக்கு ஆறு குருட்டாம்போக்கில் வருவது அறுபத்து நாலில் ஒரு தடவை. அன்று மாலை நானே ஒருவரைப் போடச் சொல்லி, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதே பஜனையைக் கேட்டேன். எனக்கு மூன்று. அங்கேதான் என் புத்தி கோணியது. வருஷக்கணக்காகச் சத்தத்தோடு வேலை செய்கிற என் காதுக்குக் கேட்காதது முத்திரை குத்துகிறவருக்கு எப்படிக் கேட்கும்? அண்ணன் போன துக்கத்தில் இருக்கிறார், அழுதுகொண்டே கேட்டார், அதுவும் தன் சொந்தப் பதிவு. இந்தச் சாட்சி செல்லாது. இப்படி எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். எது அசல் என்று பார்க்காமல்தான் அவர் குறித்தார் என்பதையும், தன் கையைத் தெரிந்தவருக்குத்தான் அது கேட்கும் என்பதையும் வசதியாக மறந்தேன். தாளை மடித்து என் மேசை டிராயரில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மேடம் கண்ணாடியைத் துடைத்தார். படித்தார். அன்று வழக்கத்துக்கு மாறாக இரண்டு கேள்வி கேட்டார்.

"எத்ர பேர் கேட்டு?"

"ஏழு பேரு, மேடம்."

"தீர்ச்சயாணோ?"

"தீர்ச்ச, மேடம்."

பச்சைக் கையெழுத்து விழுந்தது. ஏழு என்று சொன்ன வாய் இது. எட்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அதற்குப் பிறகு நடந்ததில் மேடத்தின் பேரில் தவறில்லை. புதிய நாடாக்கள் கிடைக்காத காலம் அது. எஃப்.எம்.மில் வித்தியாசம் தெரியவில்லை என்று பொறியாளரே எழுதிக் கொடுத்த பிறகு, கணினியில் ஏற்றியான நாடாக்களை அழித்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று உத்தரவு போட்டார். உத்தரவு என் மேசைக்கும் வந்தது. ஒலிபரப்ப இது போதுமா என்பதுதான் என்னிடம் கேட்ட கேள்வி. அசலைத் தூக்கி எறியலாமா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டும் வேறு என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். என் அறிக்கையை மேற்கோள் காட்டி உத்தரவு வந்த சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன். வெட்கக்கேடு.

நாடாவை அழிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பெரிய மின்காந்தம் ஒன்று, சப்பாத்திக் கல் அளவுக்கு. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுத்த அறையில் வைக்க வேண்டும், இல்லையென்றால் அது நின்றுபோகும். சுவிட்சைப் போட்டால் மேசையே அதிரும். ரீலை அதன்மேல் வைத்து மெதுவாக ஒரு சுற்று, திருப்பிப் போட்டு இன்னொரு சுற்று. பிறகு கையை முழுக்க நீட்டி, ரீலை மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டுபோய், அதற்கப்புறம்தான் சுவிட்சை அணைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே அணைத்தால் நாடாவில் 'தொப்' என்று ஒரு சத்தம் தங்கிவிடும். புதிதாக வந்தவர்கள் அவசரப்பட்டுக் கெடுத்தார்கள். அதனால் நானே தினமும் மத்தியானம் இருபது ரீல் அழித்தேன். அட்டையின் முதுகில் இருக்கும் எண்ணை மட்டும் பார்ப்பேன், பதிவேட்டில் குறித்து என் சுருக்கொப்பத்தைப் போடுவேன். உள்ளே என்ன இருந்தது என்று பார்த்ததில்லை.

மாதங்கள் ஓடின. ஒரு நாள் அனந்து என் அறைக்கு வந்தார்.

"அண்ணா போய் வர்ற மாசம் ஒரு வருஷம் முடியறது. வருஷம் வரைக்கும் பஜனை வேண்டாம்னு நிறுத்தி வெச்சிருக்கோம். அது முடிஞ்சு வர்ற சனிக்கிழமை மடத்துல திரும்ப ஆரம்பிக்கறோம். பாடறதுக்கு அண்ணா இல்லையே. அந்த டேப்பை ஒரு சி.டி.யில போட்டுக் குடுத்தேள்னா, அவர் குரலை முதல்ல வெச்சுட்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்."

"இதென்ன பெரிய காரியம்? நாளைக்கே தாறேன்" என்றேன். கணினியில் அந்தக் கோப்பை எடுத்து, முன்னால் இருந்த அறிவிப்பை வெட்டி, மறுபடி சேமித்து, சி.டி.யில் எழுதினேன். மேலே அழகாகப் பெயரும் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்போதே அனந்து என் கதவருகே நின்றார். கையில் சி.டி.

"இது அன்னிக்கு நான் சொன்னதேதான், தாணு. இன்னும் ஜாஸ்தியா இருக்கு. அசல் டேப்புலேர்ந்து போட்டுத் தாரும்."

"எதுலே ஓய் இருக்கு? காட்டும் பாப்போம்."

ஒரே பிளேயரில் இரண்டு ஹெட்ஃபோன் மாட்டினோம். ஆளுக்கு ஒன்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலைத் தூக்கினார். ஒவ்வொரு அடிக்கும் சற்று முன்னால் அந்த விரல் அசைந்தது. இரண்டு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு விரலைப் பார்ப்பதை விட்டுவிட்டு விரல் அசையும் இடத்தில் காதை வைத்தேன். கேட்டது. எண்ணெயில் கடுகு விழுந்ததும் வெடிப்பதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அது. ஸ்ஸ். அப்புறம் அடி. ஸ்ஸ். அப்புறம் அடி.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். சுருக்கும் எந்திரம் ஒலியைச் சிறு சிறு துண்டாக நறுக்கித்தான் வேலை செய்யும். துண்டின் நடுவில் ஒரு கூர்மையான அடி வந்தால், அது செய்கிற பிசகு அந்தத் துண்டு முழுக்கப் பரவும், அடிக்கு முன்னாலும். இதற்கு முன்னெதிரொலி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நான் வெட்டி மறுபடி சுருக்கிச் சேமித்ததில் அது இரண்டு மடங்காகியிருந்தது. அதனால்தான் என் மரக்காதுக்கும் எட்டியது. அனந்துவுக்கு முதல் தடவையே கேட்டிருக்கிறது.

"இரும் ஓய், இப்பம் டேப்பை எடுத்துட்டு வாறேன்" என்று நூலக அறைக்கு ஓடினேன். ஓடும்போதே தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அந்த எண்ணுள்ள ரீல் அலமாரியில் இருந்தது. அட்டைமேல் புதிதாகச் சீட்டு ஒட்டியிருந்தது: தென்னையில் மண்டரி நோய், ஓர் உரையாடல். பதிவேட்டைப் புரட்டினேன். அழித்த தேதிக்கு எதிரே என் சுருக்கொப்பம்.

இருந்தாலும் அந்த நாடாவை மெஷினில் மாட்டினேன். இரண்டு பேர் தென்னைக்கு மருந்தடிப்பதைப் பற்றிப் பேசினார்கள். பேச்சுக்கு நடுவில் அவர்கள் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் சத்தத்தைக் கூட்டி வைத்து, அடியில் எங்கேயாவது அந்தப் பெரியவர் குரல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. சுத்தம். நான் நன்றாக அழிக்கிறவன்.

அனந்துவிடம் திரும்பிப் போகக் கால் வரவில்லை. "தேடிட்டு இருக்கேன் ஓய், சாயந்திரம் வாரும்" என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தேன். கேட்டவர்கள் ஏழு பேர் அல்ல, எட்டு. எட்டாமவருக்கு வித்தியாசம் தெரிந்தது. அந்தத் தாளை நான் மறைத்தேன். ஆகவே என் அறிக்கை செல்லாது. நாலே வரி. மேடத்தின் மேசைமேல் வைத்தேன். டிராயரிலிருந்த தாளையும் கூடவே வைத்தேன்.

கண்ணாடியைத் துடைத்தார். படித்தார். தாளில் ஆறு குறிகளையும் விரல் வைத்துப் பார்த்தார். நான் கண்டபடி திட்டட்டும் என்று காத்திருந்தேன், திட்டினால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தீர்ச்சயாணோ?"

"தீர்ச்ச, மேடம்" என்றேன்.

"அன்னும் இதுதன்னே பறஞ்ஞு" என்றார் மெதுவாக. அன்றும் இதையேதான் சொன்னாய் என்று. பிறகு போனை எடுத்து நூலகத்துக்குப் பேசினார். அழிப்பது அந்த நிமிஷமே நின்றது. அலமாரிகளில் பாதிக்கு மேல் பிழைத்தது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை, அதே நாற்காலியிலிருந்துதான் ஓய்வு பெற்றேன். அதில் எனக்கு மனக்குறை கிடையாது.

தாளை மட்டும் மேடத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டு தபால் பிரிவுக்குப் போனேன். அனந்து முத்திரையும் கையுமாக இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அழித்தது என் கை என்பதையும் சொன்னேன். அவர் நிமிரவில்லை. கடைசியில் தாளை நீட்டியதும் வாங்கிப் பார்த்தார்.

"ஆறும் சரியா?"

"ஆறும் சரி ஓய்."

"அப்ப எனக்குக் கேட்டது வாஸ்தவம்தான். நான் என் காதுலதான் ஏதோ கோளாறுன்னு இருந்தேன். டாக்டரைக்கூடப் பாத்தேன்." தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஓய்."

அவர் அடுத்த உறையை எடுத்தார். முத்திரை விழுந்தது, தாளமில்லாமல். கொஞ்சம் கழித்து, "அந்த சி.டி.யையே குடும். அண்ணா குரல் அதுல நன்னாத்தான் இருக்கு. என் கைதான் சரியில்லை" என்றார்.

அடுத்த மாதம், வருஷம் முடிந்து வந்த சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவராகத்துக்குப் போனேன். அவர் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். தோளில் நிலையத்தின் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு மைக், ஒரு தடவைகூட ஓடாத புது நாடா. இதற்கு மேடத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். மடத்தில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். சுவாமி படத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் ஒரு சி.டி. பிளேயர். அனந்து வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணி சுற்றிய ஒரு பொட்டலம்.

யாரோ பிளேயரை அமுக்கினார்கள். பத்மநாபனின் குரல் எழுந்தது. கூட்டம் அசையாமல் இருந்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இன்னும் நான்கு வரியில் ஜால்ரா வரும், அதற்கு முன்னால் அந்தச் சீறல் வரும், இந்தத் தெரு முழுக்கக் கேட்கப் போகிறது என்று பயந்தேன். எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அனந்து துணியைப் பிரித்தார். ஜால்ராவை எடுத்துக் கையில் கோத்துக்கொண்டார். ஒரு வருஷமாகத் தொடாதது. கண்ணை மூடினார். பிளேயரில் சீறல் தொடங்க வேண்டிய இடத்துக்கு ஒரு இமைப்பொழுது முன்னால் அவர் கை இறங்கியது. பளீரென்று அடி. அந்தச் சத்தத்தில் சி.டி.யின் ஜால்ரா முழுசாக மூழ்கிவிட்டது. அடுத்த அடி, அதற்கடுத்தது. அண்ணாவின் குரல் மட்டும் மேலே நின்றது. கோஷ்டி சேர்ந்து பாட ஆரம்பித்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு தேடினேன். சீறல் இல்லை, ஒரு இடத்தில்கூட இல்லை.

என் கை தானாகவே பையைத் திறந்தது. இதை விட்டால் இனி எப்போது? மைக்கை எடுத்துத் தரையில் நிறுத்தினேன். அனந்து கண்ணைத் திறந்தார். தாளம் தவறவில்லை, கை நிற்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அந்தச் சத்தத்திலும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"அதை மூடி வையும் ஓய். சும்மா உக்காந்து கேளும்."

மூடி வைத்தேன்.